வாசிப்பு நாடகம் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், வசனம் மனப்பாடம் ஆவதில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை மாலை சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்களைக் கையில் தாளோடு வாசிப்பதாகத் திட்டம். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘ப்ரபோசல்’ முடிவாகிவிட்டது. ‘பாராயணம் மாதிரி இருக்கும், எவன் சிரிப்பான்?’ என்கிறது ஒரு தரப்பு. வேஷம் கட்டிப் பாதி நடிக்கலாம் என்கிறது இன்னொரு தரப்பு. கதையை நம் ஊருக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பாதி நடிப்பு வேண்டவே வேண்டாம். ஒட்டுமீசையும் தாளுமாக ஒருவர் நின்றால், பாவம், வசனம் மறந்துவிட்டது என்றுதான் தோன்றும். தாளை ஒளிக்காமல் உட்கார்ந்து வாசியுங்கள். வானொலி நாடகக்காரர்கள் மைக் முன்னால் தாளைப் பார்த்துப் படித்தவர்கள்தான். கேட்டவர்கள் சிரிக்காமலா இருந்தார்கள்?

செகாவின் ‘கரடி’யில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ‘ப்ரபோசல்’ அப்படியல்ல. மூன்றே பேர், ஒரே அறை, முழுக்கப் பேச்சு. லோமவ் பெண் கேட்க வருகிறான். பேச்சுவாக்கில் ஒரு புல்வெளியை ‘என்னுடையது’ என்கிறான். ‘அது எங்களுடையது’ என்கிறாள் அவன் கேட்க வந்த பெண் நதாலியா. மொத்தம் பதின்மூன்று ஏக்கர் சொச்சம், வெறும் முந்நூறு ரூபிள் பெறும் நிலம். வந்த காரியம் போயே போய்விட்டது. அவனை விரட்டிய பிறகு, பெண் கேட்கத்தான் வந்தான் என்று அப்பா சொல்கிறார். உடனே அவள், கூப்பிடுங்கள் அவனை என்று அலறுகிறாள். இந்த இடத்தில் நதாலியாவாக வாசிப்பவர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அலற வேண்டும். அந்த மூச்சில்தான் சிரிப்பு இருக்கிறது. அப்பாவின் வரி முடியுமுன்னே பாய்ந்தால் போச்சு.

லோமவாக வாசிப்பவருக்கும் ஒன்று சொல்லுங்கள். அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது, கால் மரத்துப்போகிறது. இதையெல்லாம் கோமாளிக் குரலில் சொல்லக் கூடாது. டாக்டரிடம் சொல்வதுபோல் கவலையாகச் சொன்னால் சபை தானாகச் சிரிக்கும். சிரிக்கும்போது அடுத்த வரியைத் தொடங்காதீர்கள், யார் காதிலும் விழாது.

அப்புறம் தாள். எழுத்து பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, கிளிப் போட்ட அட்டையில் வையுங்கள். சிரிப்பு வரி எதுவும் பக்கம் புரட்டும் இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக் குறிப்புகளை ஒருவரே வாசிக்கட்டும், அதிலும் முக்கால்வாசியை வெட்டிவிடுங்கள்.

இன்னொரு நாடகம் வேண்டுமென்றால் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யிலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம். அவர் வக்கீல், பின்னால் நீதிபதி. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அமெச்சூர், உங்கள் ஆள்தான். எஜமான், வேலைக்காரன் இருவர் பெயரும் சபாபதி. கேட்பவர்கள் குழம்பாமலிருக்க, குரலில் நல்ல வித்தியாசமுள்ள இருவரைப் போடுங்கள்.

செகாவை நம் ஊருக்கு மாற்றவே வேண்டாம். வரப்புத் தகராறு நமக்குப் பழகியதுதான், அந்தப் பாதி சுலபமாக வந்துவிடும். ஆனால் நம் ஊரில் பெண் கேட்க மாமா, அத்தை, தட்டு, பழம் என்று ஒரு கும்பலே வரும், பேச்சை யாராவது பெரியவர் எடுத்துக்கொள்வார். லோமவ் தனியாக வருகிறான். தன் வாயால் தானே சொல்லியாக வேண்டும், அது வரவில்லை. அது இல்லையென்றால் நாடகமே இல்லை.