லண்டனிலிருந்து சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு வருகிறோம். போனில் ஏழு நாளும் இடிமழை என்று காட்டுகிறது. பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம், வாருங்கள். ஏழு நாளுக்கும் ஒரே மேகம், ஒரே மின்னல் படம் இருப்பதைப் பார்த்து நாள் முழுக்க மழை கொட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். ஏப்ரலில் எங்கள் போன்களிலும் அநேகமாகத் தினமும் அந்தப் படம்தான். அதே மாதத்தில்தான் அம்மா காலையில் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடுவார். இரண்டு மணிக்கு முன் அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

“வசந்த காலம்தானே, இதமாக இருக்குமா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் அந்த அர்த்தத்தில் வசந்தம் இல்லை. மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும், தென்மேல் பருவக்காற்று வர மே மாதமாகும். நடுவில் பெரிய காற்றே இல்லாத ஒரு இடைவெளி. போதாததற்கு ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நகர்ந்து போகும். கொழும்புக்கு அது 7, 8ஆம் திகதி அளவில், பகல் 12.12 மணியை ஒட்டி. அந்த நேரம் மொட்டைமாடியில் ஒரு போத்தலை நிறுத்திவைத்தால் பக்கத்தில் நிழலே விழாது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், லண்டனில் ஒருநாளும் பார்க்க முடியாத காட்சி.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் வானம் நீலமாக இருக்கும். ஒன்பது மணிக்கே வெயில் சுடும். பதினொரு மணியளவில் மரைன் டிரைவ் பக்கம் கடல் காற்று எழும்பும். அந்த ஈரக்காற்று உள்நாட்டை நோக்கி நகர்ந்து, கிழக்கிலிருந்து வரும் மெல்லிய காற்றோடு முட்டும். இரண்டும் போக இடமில்லாமல் மேலே எழும். ஹங்வெல்லை, அவிசாவளைப் பக்கம் வெள்ளை மேகங்கள் கோபுரம் கோபுரமாக வளர்வதை இரண்டு, மூன்று மணிக்கு எங்கள் மாடியிலிருந்தே பார்க்கலாம். பிறகு அடிப்பக்கம் கறுக்கும். காற்று நின்று புழுக்கம் தாங்க முடியாமல் போகும். கொஞ்ச நேரத்தில் கிழக்கிலிருந்து திடீரென்று குளிர்காற்று ஒன்று அடித்தால் துணியை எடுக்க ஓட வேண்டியதுதான். ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு, நன்றாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மேல்மட்டக் காற்று ஒத்துழைக்காத நாளில் மேகம் இரத்தினபுரிப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். கொழும்புக்கு மிஞ்சுவது புழுக்கம் மட்டும்.

இந்த மழை மேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீற்றர்தான். தெகிவளையில் வீதி நிறையத் தண்ணீர் ஓடும்போது கொட்டாஞ்சேனையில் ஒரு சொட்டும் விழாத நாட்கள் எத்தனையோ. வானிலையைக் கணிக்கும் உலகின் சிறந்த கணினி மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய மாதிரியே பூமியைச் சுமார் 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. வரும் வியாழக்கிழமை நாலு மணிக்கு வெள்ளவத்தையில் மழையா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லா நாளுக்கும் ஒரே படம்.

அதைவிட, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைத் தினமும் காலையில் பாருங்கள். தமிழிலும் வருகிறது. “மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பி.ப. 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை” என்றிருந்தால் அது வழக்கமான ஏப்ரல் நாள். வெளிவேலையைக் காலையில் முடியுங்கள். ஆனால் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் காலையிலும் மழை என்றோ, 100 மில்லிமீற்றருக்கு மேல் என்றோ, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றோ எழுதியிருந்தால் அது வேறு கதை. கொழும்பில் ஏப்ரல் முழுவதற்கும் சராசரி மழை சுமார் 245 மில்லிமீற்றர்தான். ஒரே நாளில் 100 என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அப்படியான நாளில் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள்.

எனக்கு உண்மையில் மழையைவிட உங்களுக்குப் பகல் வெயில் ஒத்துக்கொள்ளுமா என்றுதான் பயம். சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா குடும்பம் கனடாவிலிருந்து வந்தது. வந்து இரண்டாம் நாள், புத்தாண்டுத் துணி எடுக்கப் பகல் பதினொன்றரைக்குப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயதுத் தங்கை சனத்துக்கு நடுவில் வெளிறிப்போய் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் ஒருவர் மின்விசிறிக்கு முன்னால் இருத்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் அந்த அரைமணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போன் 32 பாகை என்று காட்டும். ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் உடம்புக்கு அது 40 பாகை போல இருக்கும். குளிர் நாட்டிலிருந்து வரும் உடம்பு பழக நாளாகும். முதல் மூன்று நாள் பதினொன்று முதல் மூன்று வரை பிள்ளைகளை வெளியே கொண்டு போகாதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள்.

அடுத்தது மின்னல். இலங்கையில் இடிமின்னல் மிக அதிகமான மாதங்களில் ஏப்ரலும் ஒன்று. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் செக்கன்களை எண்ணி மூன்றால் பிரித்தால் எத்தனை கிலோமீற்றர் தூரம் என்று தெரியும். இடி காதில் விழுந்தாலே உள்ளே போங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் பொறுங்கள். காலிமுகத்திடல் பரந்த வெளி, பின்னேரத்தில் பிள்ளைகள் பட்டம் விடும் இடம். வானம் கறுத்தால் “இன்னும் கொஞ்ச நேரம்” என்று கெஞ்சினாலும் விடாதீர்கள். கடலில் நிற்பதும் அப்படித்தான். மரத்தடி வேண்டாம். திரீவீலரின் பக்கங்கள் திறந்திருப்பதால் மூடிய கார் போல அது காப்பாற்றாது.

நுவரெலியா போவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் தேடும் வசந்தம் அங்கே உண்டு. ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டமே நடக்கும், பகலில் 20 பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆனால் பின்னேரம் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் மலைப்பாதையில் முன்னால் போகும் பஸ்ஸின் விளக்குக்கூடத் தெரியாது. கொழும்பிலிருந்து விடிய நாலு, ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.

புத்தாண்டு அன்று மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, கோயிலுக்கும் பெரியவர்கள் வீட்டுக்கும் முற்பகலிலேயே போய் வந்துவிடலாம். எந்தத் திகதியில் இறங்குகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அன்று காலை அறிவிப்பையும் எங்கள் மாடியிலிருந்து தெரியும் வானத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.