ஏரியை ஒட்டிய நிலத்தில் ஈரநில எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது?

காவேரிப்பட்டணம் அருகே ஏரியோரம் ஒன்றரை ஏக்கர் வாங்கப் போகிறேன், ஈரநிலம் எதுவரை என்று கேட்டிருக்கிறீர்கள். கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள்; அப்போது ஏரியே மைதானமாகத்தான் தெரியும். கோரையும் சம்பும் முளைத்த இடத்தில் ஒரு முழம் தோண்டுங்கள். ஆண்டுதோறும் வாரக்கணக்கில் நீர் நின்றால் நம் பக்கத்துச் செம்மண் சிவப்பை இழந்து சாம்பல் நிறமாகிவிடும். பழைய வேர்த்தடங்களில் மட்டும் துருக்கோடுகள் ஓடும். அங்கிருந்து மேட்டுப் பக்கமாகத் தோண்டிக்கொண்டே போய், அந்தச் சாம்பல் மறைந்து முழுச் சிவப்பு தொடங்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே வாருங்கள். அது மண் சொல்லும் எல்லை.

சட்டம் சொல்லும் எல்லை வேறு. புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) ‘ஏரி புறம்போக்கு’, அதாவது ஏரிக்கான அரசு நிலம், எதுவரை என்று பாருங்கள். அதைத் தாலுகா நில அளவர் அளந்து கல் காட்ட வேண்டும். விற்பவர் போட்ட கம்பிவேலி கணக்கில் சேராது.