எச்சரிக்கையில் வேறு முகவரி வருவது ஏன்?

கேள்வி: கிளை அலுவலக ரௌட்டரை ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் 10.20.0.1 என்ற லூப்பேக் முகவரியில் (எந்த வெளி இணைப்பையும் சாராத, ரௌட்டரின் உள் முகவரி) சேர்த்திருக்கிறோம். ஆனால் அதன் எஸ்.என்.எம்.பி. ட்ராப்கள் (சாதனம் தானாகவே அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகள்) ஒரு நாள் 10.50.1.2 என்றும் மறுநாள் 10.50.2.2 என்றும் வருகின்றன. எச்சரிக்கை ரௌட்டரின் பெயரில் பதிவாவதில்லை. ஏன்?

பதில்: முகவரி மாறி மாறி வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து ட்ராப் அனுப்ப வேண்டும் என்று தனியாகச் சொல்லப்படாத ரௌட்டர், பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை) வழியாக வெளியேறுகிறதோ அதன் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டுவிடும். உங்கள் கிளைக்கு இரண்டு வெளி இணைப்புகள் இருக்கக்கூடும். வழி மாறும் நாளில் முகவரியும் மாறுகிறது. ஜாபிக்ஸோ, வந்த முகவரி ஹோஸ்டின் (அதில் சேர்த்த சாதனத்தின்) எஸ்.என்.எம்.பி. இன்டர்ஃபேஸ் அமைப்பில் பதிந்த முகவரியோடு பொருந்தினால் மட்டுமே ட்ராப்பை அந்த ஹோஸ்டிடம் சேர்க்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, சர்வரில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, ட்ராப் வந்துசேரும் யுடிபி 162-ஆம் போர்ட்டைக் கவனியுங்கள். அங்கேயே 10.50 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், சர்வரைக் குடைந்து பயனில்லை. சிஸ்கோ ஐ.ஓ.எஸ். ரௌட்டராக இருந்தால் ட்ராப்-சோர்ஸ் கட்டளையில் லூப்பேக்0-ஐக் குறிப்பிட்டு, ரௌட்டரின் ஓர் இன்டர்ஃபேஸை அணைத்து மீண்டும் இயக்கிச் சோதியுங்கள். இடையில் ஃபயர்வால் இருந்தால், புதிய முகவரியை அதன் விதிகளிலும் அனுமதிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, ட்ராப்பே வருவதில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. ட்ராப்புக்குப் பதில் தேவையில்லை, ஆனால் ஒப்புகை கேட்கும் வகையான இன்ஃபார்ம் பயன்படுத்தினால் அந்த ஒப்புகை திரும்பிச் செல்ல லூப்பேக்குக்கு வழி இருந்தாக வேண்டும்.

ரௌட்டர் சரியான முகவரியில் அனுப்பியும் சர்வரில் வேறு முகவரி தெரிந்தால், நடுவில் நாட் செய்யும், அதாவது முகவரியை மாற்றி அனுப்பும், கருவியைத் தேடுங்கள். எல்லாச் சாதனங்களும் 172.17.0.1 என்றே வந்தால், ட்ராப் வாங்கும் நிரல் டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனித்துப் பிரித்து இயக்கும் சூழலுக்குள்) இருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அதை டாக்கரின் ஹோஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது சர்வரின் சொந்த நெட்வொர்க்கிலேயே, இயக்கினால் உண்மை முகவரி தெரியும். எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பு ட்ராப்பில், தபால் உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் போல, பாக்கெட்டின் உள்ளேயும் சாதனத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும். நாட் பொதுவாக மேலுறையை மட்டுமே மாற்றும். 2சி பதிப்பில் அந்தப் புலமே இல்லாததால், மேலுறையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு 10.50 முகவரிகளையும் தனித்தனி ஹோஸ்டாகச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே ரௌட்டரின் பழுது மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கும்.