எதிர்க்கட்சி வாக்காளரிடம் ஓட்டுக் கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பவர்கள் எதிர்க்கட்சி ஆதரவாளர்களிடமும் போய் ஓட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் உண்மையிலேயே மாற்றிப் போடுவார்களா? சொந்தக் கட்சிக்காரர்களின் கோபம்தானே மிஞ்சும்?

பதில்: போடுவார்கள், லட்சக்கணக்கில் போட்டும் இருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டி மக்கோம்ப் என்று ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, இருக்கிறது. கார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். 1960-ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு அங்கே 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, 1984-ல் அதே இடத்தில் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இப்படி மாறியவர்களுக்கு 'ரீகன் டெமாக்ரட்', அதாவது ரீகனுக்குப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரர், என்றே பெயர் வந்துவிட்டது. அப்புறம் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா 2008-லும் 2012-லும் அங்கே ஜெயித்தார், 2016-ல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஜெயித்தார்.

1980-ல் ரீகன் ஓட்டுக் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். அவரே 1962 வரை ஜனநாயகக் கட்சிக்காரர், நடிகர் சங்கத் தலைவராகவும் இருந்தவர், அதை அவர் மறைக்கவே இல்லை. டெட்ராய்ட்டில் நடந்த கட்சி மாநாட்டில், வேட்பாளராக ஏற்றுப் பேசிய உரையிலேயே எதிர்க்கட்சியின் முன்னாள் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மேற்கோள் காட்டினார். நீங்கள் இத்தனை வருஷம் தப்பான கட்சியில் இருந்தீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. விலைவாசி வருஷத்துக்கு 13 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, ஈரானில் 52 அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். அந்தச் சமயத்தில், தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், அப்போதைய அதிபரும் ஜனநாயகக் கட்சி வேட்பாளருமான கார்ட்டருடன் நடந்த விவாதத்தில், நான்கு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா, கடைக்குப் போய் சாமான் வாங்குவது சுலபமாக இருக்கிறதா என்று கேட்டார். கேள்வியில் கட்சியே இல்லை பாருங்கள், அதைக் காதில் வாங்கிய வாக்காளர் தன் வீட்டுக் கணக்கைப் பார்த்துத் தானே முடிவெடுத்தார். 44 மாநிலங்களில் ரீகன் ஜெயித்தார்.

சொந்தக் கட்சிக்காரர்களின் கோபம் நிஜம்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள்: ஓட்டே போடாத ஒருவரை அழைத்து வந்தால் நமக்கு ஒன்று கூடும், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தால் நமக்கு ஒன்று கூடி அங்கே ஒன்று குறையும். 2016-ல் டிரம்ப் மிச்சிகன் மாநிலத்தையே 10,704 ஓட்டு வித்தியாசத்தில்தான் பிடித்தார். அப்படி ஒரு மாநிலத்தில் எதிர்ப்பக்கத்து வாக்காளரைப் பார்க்கவே போகாத வேட்பாளர் தப்புச் செய்கிறார் என்பேன்.

கேள்வி: அப்படியானால் 2024-ல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ், குடியரசுக் கட்சியின் லிஸ் சேனியையே மேடையேற்றினாரே, ஏன் பலிக்கவில்லை?

பதில்: தலைவர் வந்தால் தொண்டர் வருவார் என்று நம்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மேடைக்குத் தேர்ந்தெடுத்த இடம் விஸ்கான்சினில் உள்ள ரிப்பன், 1854-ல் குடியரசுக் கட்சி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் ஊர். நல்ல யோசனைதான். ஆனால் லிஸ் சேனி 2022-லேயே தன் வயோமிங் மாநிலத்தில், தன் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே பெரிய வித்தியாசத்தில் தோற்றவர், அவரைத் தலைவராக ஏற்ற வாக்காளர்கள் அந்தக் கட்சியில் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தார்கள். கட்சியைவிட நாட்டின் அரசியல் சாசனம் பெரிது என்று அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் விலைவாசியில் நொந்துபோயிருந்த குடியரசுக் கட்சிக் குடும்பம் ஒன்று, ஹாரிஸ் அதிபராக வந்தால் நமக்கு என்ன ஆகும் என்று அந்த மேடையைப் பார்த்தால் பதில் தெளிவாகக் கிடைக்கவில்லை. வாக்குச்சாவடி வாசல் கணிப்புகளின்படி குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான் ஹாரிஸுக்குப் போட்டார். விஸ்கான்சின் 30,000-க்கும் குறைவான ஓட்டில் கைவிட்டுப் போனது.

கேள்வி: ஒரு கட்சியில் பதிவு செய்தவர் அடுத்த கட்சிக்குப் போட்டால் சிக்கல் வராதா?

பதில்: வராது. பதிவு என்பது முக்கியமாகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்குத்தான். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், ரகசிய ஓட்டு. மிச்சிகன், விஸ்கான்சின் இரண்டிலும் வாக்காளர் பதிவில் கட்சியே கேட்பதில்லை.

கேள்வி: நம்பி மாறி வந்தவர்களுக்கு ஜெயித்த பிறகு என்ன கிடைக்கிறது?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். 1980-ல் பெரும்பாலான தொழிற்சங்கங்கள் கார்ட்டர் பக்கம் நின்றபோது, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கமான 'பேட்கோ' ரீகனை ஆதரித்தது. பழைய கருவிகள், ஆள் பற்றாக்குறை என்ற அவர்களுடைய குறைகளைப் புரிந்துகொண்டதாக அவர் கடிதமே எழுதியிருந்தார். 1981 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம், அது உண்மை. ரீகன் 48 மணி நேரக் கெடு கொடுத்தார், திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டே நீக்கினார், அந்த வேலைக்குத் திரும்ப வரவும் தடை போட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தாலும், நம்பி வந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அந்தத் தடையை நீக்க 1993-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் வரவேண்டியிருந்தது.