ஊசியைப் பையன் கையில் கொடுங்கள்

அம்மா, போன வாரம் நீங்கள் அழுதபோது ஏதோ சமாதானம் சொன்னேன். அது சரியில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் பையனின் வலது முழங்கைதான் கண்ணில் நின்றது. அது முழுதாக நீளவில்லை.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயில் அடிபட்டால்தான் ரத்தம் கசியும் என்று அவன் தாய்மாமா நினைக்கிறார். அடியே படாமல், வேலை அதிகமானாலே மூட்டுக்குள் கசியும். திரும்பத் திரும்பக் கசிந்த மூட்டு இறுகிவிடும். நன்கொடை கொடுத்து வாங்க அவர் பேசி வைத்திருக்கும் மெக்கானிக்கல் சீட்டில் சேர்ந்தால் முதல் வருடமே ஒர்க்ஷாப்பில் நின்றபடி அரத்தால் இரும்பைத் தேய்க்க வேண்டும். அதற்காக ரோட்டோர நிலத்தை விற்காதீர்கள். நாளைக்கு மூட்டு வீங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பையன் என்னிடம் வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் குறையாகச் சொன்னீர்கள்: வாடகை ஒப்பந்தமோ இன்ஷூரன்ஸ் பேப்பரோ, பொடி எழுத்து வரை படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறானாம். கம்பெனி செக்ரட்டரிக்கு வேண்டியதே அந்தக் குணம்தான். முதலாளிக்கு ஃபோன் எடுத்துக் கொடுக்கும் வேலை இல்லை இது. இயக்குநர் கூட்டங்களை முறைப்படி நடத்துவது, தீர்மானங்களைப் பதிவது, அரசின் நிறுவனப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்புவது, நிறுவனம் சட்டம் மீறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர் பொறுப்பு. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்களும், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனங்களும் முழுநேரச் செக்ரட்டரி ஒருவரை வைத்தே ஆக வேண்டும்.

ப்ளஸ் டூ முடித்தாலே நுழைவுத் தேர்வு எழுதலாம். அப்புறம் எக்ஸிக்யூட்டிவ், புரொஃபஷனல் என்று இரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் 7 தாள். அவற்றை இரண்டு குரூப்பாகப் பிரித்து எழுதலாம். ஜூனில் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டால் டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம், வருகைப்பதிவு குறைகிறது என்று யாரும் துரத்த மாட்டார்கள். 21 மாதப் பயிற்சியும் உண்டு. சுலபமில்லை, பலர் ஒரே குரூப்பை இரண்டு மூன்று தடவை எழுதுகிறார்கள். ஆனால் கூடவே அரசுக் கல்லூரியில் பி.காம் படிக்கும் செலவைச் சேர்த்தால்கூட மாமா சொன்ன நன்கொடைக்குப் பக்கத்தில் வராது.

அவன் தங்கை கல்யாணம் கெட்டுவிடும் என்று மாற்றுத்திறனாளி சான்றே வாங்காமல் இருக்கிறீர்கள். மறைத்தால் மரபணு மாறிவிடுமா? தங்கை கேரியரா, அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவளா என்ற பரிசோதனை முதலில் அவளுக்கே தேவை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் ஹீமோபிலியாவும் இருக்கிறது. 40 சதவீதக் குறைபாடு என்று சான்று கிடைத்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டில் சேரலாம். அரசு வேலைக்கான 4 சதவீதத்தில் ரத்த நோய்களைத் தனியாகச் சேர்க்கவில்லை. அதனால் முழங்கையைக் கை கால் இயக்கக் குறைபாடாகவும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பையனுக்கு 18 வயது. இன்னும் ரத்தம் உறைவதற்கான ஃபேக்டர் ஊசியை நீங்கள்தான் போடுகிறீர்கள். எந்தக் கோர்ஸ் என்பதைவிட எனக்கு இதுதான் கவலை. ஆஸ்பத்திரி நர்ஸிடம் அவனை அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரி திறப்பதற்குள் அவனே கலந்து, அவனே போட்டு, நோட்டில் தேதி எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.

அடுத்த முறை மாமாவையும் கூட்டி வாருங்கள்.