மனச்சோர்வுக் குளிசை: தொடங்கும் வாரங்களும் நிறுத்தும் வாரங்களும்

வாசகர் கேள்விகள் – வைத்தியர் பதில்கள்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் குறித்து வன்னி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்து இம்முறை இடம்பெறுகின்றன. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன. உங்களை நேரில் பரிசோதித்த வைத்தியரின் சொல்லுக்குப் பதிலாக இப்பக்கத்தை எவரும் கொள்ளலாகாது.

கேள்வி: வணக்கம் ஐயா. அம்மாவுக்கு 58 வயது. அப்பா காலமான பின்னர் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி முற்றத்தில் வந்து இருந்துவிடுகிறார். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். கிளினிக்கில் புளூஒக்சற்றின் 20 மில்லிகிராம் கப்சூல் தந்தார்கள். பத்து நாட்களாகப் போடுகிறார். குணம் ஒன்றும் தெரியவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது, நித்திரை முன்னரைவிடக் குறைந்துவிட்டது. “இதைத் தொடங்கினால் பிறகு சாகும்வரை விட ஏலாது” என்று அயலட்டையில் சொல்கிறார்கள். பிறசருக்கும் முழங்கால் உளைவுக்கும் வேறு குளிசைகள் எடுக்கிறார். இதை நிறுத்திவிடலாமா?
– வாசகி, விசுவமடு

பதில்: நிறுத்த வேண்டாம். இந்த மருந்தைப் பற்றி முடிவெடுப்பதற்குப் பத்தாம் நாளைப் போலப் பொருத்தமற்ற நாள் வேறில்லை. பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் சென்ற பின்னரே தென்படத் தொடங்கி, முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை எடுக்கிறது. கெடுதல் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் இந்த இடைக்காலத்தில்தான் பலர் மருந்தைக் கைவிடுகிறார்கள்.

மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரற்றோனின் என்னும் பதார்த்தத்தை, அதை வெளியிட்ட கலமே மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை புளூஒக்சற்றின் தடுக்கிறது. இந்தத் தடை முதற் சில மணித்தியாலங்களிலேயே ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் அதற்கேற்ப நரம்புக் கலங்கள் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள வாரக்கணக்கில் எடுப்பதாலேயே பலன் தாமதிக்கிறது என்று கருதப்படுகிறது. மூளையில் ஏதோவொன்று குறைந்துவிட்டது, குளிசை அதை நிரப்புகிறது என்று எங்களில் சிலர் நோயாளருக்குச் சொல்வதுண்டு. அது சொல்வதற்கு இலகுவான விளக்கமே தவிர, நிறுவப்பட்ட உண்மையன்று. செரற்றோனினின் பெரும்பகுதி இருப்பது குடலில் என்பதால், அம்மாவுக்கு வயிறு பிரட்டுவதில் வியப்பில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் கப்சூலைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அது அடங்கிவிடும். நித்திரையைக் கலைக்கக்கூடிய மருந்தென்பதால் இதை இரவில் கொடுக்கக் கூடாது. இதுவரை இரவில் கொடுத்து வந்திருந்தால், நித்திரை குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் திருந்துவது மனம் அல்ல, நித்திரையும் பசியுமே. அம்மாவைக் கேட்டால் “ஒரு வித்தியாசமும் இல்லை” என்றே சொல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மூன்று மணிக்கு எழும்பியவர் நாலரைவரை படுத்திருக்கிறாரா, பாதியில் தள்ளிவைத்த புட்டுத் தட்டை முடிக்கிறாரா, படலையில் ஆள் வந்த சத்தம் கேட்டால் யாரென்று விசாரிக்கிறாரா? இவற்றைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோனால், மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று தீர்மானிக்க அது வைத்தியருக்குப் பெரிதும் உதவும். ஆறு வாரங்கள் ஒழுங்காகப் போட்டும் அசைவே இல்லையென்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

பிறசர், முழங்கால் குளிசைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தாலும், என்னைக் கவலைப்படுத்துவது அந்த வரிதான். பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை புளூஒக்சற்றினுடன் சேரும்போது இரைப்பையிலும் குடலிலும் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடுகிறது. மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள். உளைவுக்குப் பரசிற்றமோல் போதுமா என்று வைத்தியரிடம் கேட்பது நல்லது. பிறசருக்குச் சலத்தைப் போக்கும் குளிசை எடுப்பவராயின், இந்த வயதில் இரத்தத்தில் சோடியம் குறைந்துபோகக்கூடும். புதிதாகத் தலையிடி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம் ஆகியவை கண்டால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். கிளினிக் கொப்பி ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்த வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, எடுத்துச் செல்லுங்கள்.

அயலவரின் பயத்துக்கு வருவோம். சாராயத்துக்கு அடிமையானவர் அதைத் தேடி அலைவதுபோல இக்குளிசையைத் தேடி எவரும் அலைவதில்லை. அதே பலனுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டியதில்லை. திடீரென நிறுத்தினால் உடல் சிரமப்படும் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு விடயம். மூன்றாவது கடிதத்தில் அது வருகிறது. முதன்முறை மனச்சோர்வு வந்தவர்கள் முழுக் குணமடைந்த பின் குறைந்தது ஆறு மாதங்களுக்கு மருந்தைத் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இரண்டு வருடங்களோ அதற்கு மேலோ தேவைப்படலாம். அதன் பிறகு பலரால் அதைக் குறைத்து விட்டுவிட முடிகிறது.

கேள்வி: 2009 இல் செல் விழுந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். இல்லாத பாதத்தில் இன்னமும் எரிவும், கரண்ட் அடித்தாற் போன்ற குத்தும் வருகின்றன. வைத்தியர் அமிற்ரிப்டிலின் 25 மில்லிகிராம் இரவில் போடச் சொன்னார். துண்டைப் பார்த்த உறவினர் ஒருவர் இது மனநோய்க் குளிசை என்று சொல்லிவிட்டதால் வீட்டில் பெரிய குழப்பம். எனக்கு என்ன வருத்தம் என்று நினைத்து இதைத் தந்தார்கள்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: உங்கள் வலிக்காகத்தான் தந்திருக்கிறார்கள். அறுபட்ட நரம்புகளிலிருந்து முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு ஏறும் வலிச் செய்திகளை அமிற்ரிப்டிலின் தணிக்கிறது. நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கும் உலகெங்கும் இதைக் கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு பொதுவாக இதைவிடப் பல மடங்கு அதிகம். வலிக்கும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உறவினர் சொன்னது போல மனச்சோர்வுக்கே தந்திருந்தாலும் வீட்டில் குழப்பமடைய அதில் என்ன இருக்கிறது என்பதையும் இங்கே கேட்டுவைக்கிறேன்.

இம்மருந்து வாயை வறளச் செய்யும். மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் தரும். படுக்கைக்கு ஓரிரு மணித்தியாலங்களுக்கு முன் போட்டால் காலை மந்தம் குறையும். உங்களைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து இரவில் விழுவதுதான். படுத்திருந்தவர் எழும்பும்போது பிறசர் சட்டென்று இறங்கித் தலை சுற்றக்கூடும்; சலம் கழிக்க எழும்பினால் கட்டில் விளிம்பில் சற்று நேரம் இருந்து, ரோச் லைற்றைப் போட்டு, ஊன்றுகோலைக் கையில் எடுத்த பின்னரே எழுந்து நில்லுங்கள். பின்னேரத்தில் ஒரு போத்தல் கள்ளுக் குடிக்கும் வழக்கம் இருந்தால் தூக்கமும் தடுமாற்றமும் இரட்டிப்பாகும். கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வியர்வையையும் இது குறைப்பதால், சோளகக் காலத்து வெயிலில் வயலில் நிற்கும்போது உடல் சூடேறிவிடாமல் நிழலும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளுங்கள். இதய நோய், கண் அழுத்த நோய், சலம் முக்கிக் கழிக்கும் தொல்லை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிக்கு ட்ரமடோலும் தந்திருந்தால், இரண்டும் ஒன்றாகத் தரப்பட்டது தெரிந்துதானா என்று கேளுங்கள். சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும்.

குளிசைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குழப்பி உயிராபத்தை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது இது. சிறுபிள்ளை ஒன்று விழுங்கிவிட்டால் நல்லாயிருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: எட்டு மாதங்களாக சேர்ட்ரலின் 100 மில்லிகிராம் எடுத்து நன்றாகத்தான் இருந்தேன். மாசி அறுவடை நேரம் கிளினிக்குக்குப் போக முடியாமல் குளிசை முடிந்துவிட்டது. சுகமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்று, கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று ஓடுகிறது, கெட்ட கனவுகள், காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருகின்றன. வருத்தம் திரும்பிவிட்டதா?
– வாசகர், மல்லாவி

பதில்: நீங்கள் எழுதியிருப்பது, திடீரென மருந்தை நிறுத்தியதால் உடல் படும் அவதி. இது நிறுத்திய சில நாட்களுக்குள் தொடங்கும். தலைசுற்றும் அந்தச் சுரீரும் இதன் அடையாளங்கள். மருந்தை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணியும். மனச்சோர்வு திரும்புவதோ மெல்ல மெல்ல, வாரங்களாக நிகழ்வது. ஆர்வமின்மையும் நித்திரைக் குழப்பமும் ஒவ்வொன்றாக வந்து சேரும். வென்லபக்சின், பரொக்சற்றின் ஆகிய வேறு மனச்சோர்வு மருந்துகளை விடுவோருக்கு இந்த அவதி கடுமையாக இருக்கலாம். உடலில் நீண்ட நாட்கள் தங்கும் புளூஒக்சற்றினை விடுவோருக்குக் குறைவு.

விடுபட்டது மூன்று நான்கு நாட்களாயின் அதே அளவில் தொடர்வதே வழக்கம். ஒரு வாரத்தைத் தாண்டியிருந்தால் உங்கள் கிளினிக்கில் கேட்ட பின்னரே தொடங்குங்கள். ஒருநாள் மறந்துபோனால், நினைவு வந்ததும் அன்றைக்குள் போடலாம்; மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். முறையாக நிறுத்தும் காலம் வரும்போது வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதற்குக் குறைந்தது நான்கு வாரங்கள், நீண்டகாலம் எடுத்தவர்களுக்குச் சில மாதங்களும் தேவைப்படும். அந்த மாதங்களை அறுவடை, விதைப்பு, வீட்டில் கலியாணம் என்று நெருக்கடி உள்ள நேரத்தில் வைக்காமல் ஆறுதலான காலத்தில் வைக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

கிளினிக் நாளன்று உங்களால் போக முடியாவிட்டால் கொப்பியோடு வீட்டார் ஒருவரை அனுப்பி மருந்தை எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துவையுங்கள். ஒரு வாரத்துக்கான குளிசை கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுவது நல்லது. 2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கடைசிக் குளிசைவரை காத்திருந்தவர்கள்தான் அதிகம் அலைந்தார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு அறைக்குள்ளேயே கிடக்கிறான். கிளினிக்கில் ஊர்ச் சனம் கண்டுவிடும் என்று வர மறுக்கிறான். எனக்குத் தந்த சேர்ட்ரலின் மிச்சம் இருக்கிறது. அதில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, துணுக்காய்

பதில்: கூடாது, சகோதரி. சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுக்கவும் கூடாது. அது தெரியவரும் நாளில் அவன் உங்களையும் நம்பமாட்டான், மருந்தையும் நம்பமாட்டான்.

இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரில் இம்மருந்துகள் தொடங்கும் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004 இல் சிறுவருக்கும் 2007 இல் 24 வயதுவரையிலான இளைஞருக்கும் மருந்தின் தகவல் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. இளைஞருக்கு மருந்தே கொடுக்கலாகாது என்பது அதன் பொருளல்ல. கொடுத்தால் முதல் மாதம் அடிக்கடி பார்த்துக் கவனிக்க வேண்டும் என்பதே பொருள், வீட்டில் மிச்சக் குளிசை கொடுப்பவரால் அதைச் செய்ய முடியாது. இன்னொன்று, தம்பிக்கு இருப்பது மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோயாயின், இக்குளிசை அவனை மறுபக்கம் தள்ளிவிடலாம்: நித்திரையே தேவையில்லாதவன் போல் திரிவான், ஓயாமல் பேசுவான், கைக்காசை வீசுவான். அப்படி முன்னர் எப்போதாவது இருந்திருந்தால் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

சிற்றூரில் எல்லாக் கண்ணும் ஒருவர்மேல் விழும் என்ற அவனுடைய கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உங்கள் பகுதி வைத்தியசாலையில் வேண்டாமென்றால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகலாம்; வெளிநோயாளர் பிரிவில் நித்திரையில்லை, சாப்பாடில்லை என்று தொடங்கினால்கூட வைத்தியர் உரிய பிரிவுக்கு அனுப்புவார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அவனே எந்நேரமும் அழைத்துப் பேசலாம். இருக்கப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலோ, இருப்புக்கொள்ளாமல் தவித்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசர பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள குளிசைகளையும் வயல் மருந்துகளையும் இன்றைக்கே பூட்டித் திறப்பை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் அந்த எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதால் எண்ணம் உண்டாகிவிடாது, கேளுங்கள்.

கேள்வி: போன மாதம் தந்த கப்சூல் ஒரு நிறம், இந்த மாதம் வேறு நிறம். மாறித் தந்துவிட்டார்களோ?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அரச வைத்தியசாலைகளுக்கு வெவ்வேறு கம்பனிகளின் மருந்து வருவதால் நிறமும் வடிவமும் மாறுவது வழமை. கடதாசி உறையில் எழுதியுள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கொப்பியிலுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்; இரண்டும் ஒத்திருந்தால் போடலாம், ஒத்திராவிட்டால் போடுமுன் மருந்து கொடுக்கும் யன்னலிலேயே காட்டிக் கேளுங்கள். பழைய உறையில் புதிய மருந்தைப் போட்டுவைக்க வேண்டாம். தகரக் கூரை வீடாயின் கூரைக்குக் கிட்டவோ அடுப்படியிலோ வைக்காமல், வெயில் படாத தாழ்வான இடத்தில், மூடியுள்ள பேணி ஒன்றில் உறையோடு வையுங்கள்.