அரசு வழக்கறிஞர்கள் நீக்கம்: கொன்சாலஸ் சொன்னது உண்மையா?

அமெரிக்காவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்டதில் தனக்குப் பங்கில்லை என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் (நீதி அமைச்சகத்தின் தலைவர்) அல்பர்ட்டோ கொன்சாலஸ் சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையல்ல.

2006 டிசம்பர் 7 அன்று ஏழு வழக்கறிஞர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பதவி விலகச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 2007 மார்ச் 13 அன்று கொன்சாலஸ் செய்தியாளர்களிடம் பேசினார்: எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை, எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. பத்தே நாளில் வெளியான ஆவணங்கள் வேறு கதை சொல்லின. 2006 நவம்பர் 27 அன்று நீக்கத் திட்டம் பற்றி அவருடைய கூட்ட அறையிலேயே சுமார் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள், அவரும் இருந்திருக்கிறார். அவருடைய தலைமை உதவியாளராக இருந்த கைல் சாம்ப்சனும், அந்தக் கூற்று சரியல்ல என்று செனட் குழுவின் முன் சத்தியம் செய்து சொன்னார்.

கொன்சாலஸ் தெரிந்தே பொய் சொன்னாரா என்பது தனிக் கேள்வி. செனட் குழுவின் ஏப்ரல் 19 விசாரணையில் "நினைவில்லை" என்று அறுபது முறைக்கு மேல் சொன்னார். நெடுநாள் ஆன விஷயமென்றால் நம்பலாம். ஐந்து மாதம்கூட ஆகாத நவம்பர் கூட்டம் அது. என்னால் ஏற்க முடியவில்லை. ஆகஸ்டில் பதவி விலகலை அறிவித்தார். நீதி அமைச்சகத்தின் 2008 விசாரணை அறிக்கையும் அவர் கூற்றுகள் தவறானவை என்றது. ஆனால் 2010-இல் குற்ற வழக்கு இல்லை என்று முடித்துவிட்டார்கள்.